ஆறுதல் எண்

எங்கள் கிளினிக் வாசலில் ஒரு பலகை உண்டு. அதில் எப்போதும் ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். அறுபதும் அதற்கு மேலும் பச்சை, அறுபதுக்குக் கீழே சிவப்பு. அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அது 59.9 என்று சிவப்பில் நின்றது. நாலு மணிக்கு மாதக் கணக்கை மூடுவார்கள். அதற்குள் அறுபதைத் தொடாவிட்டால் மறுநாளிலிருந்து சூரங்குறிச்சிக்கு டாக்டர் கிடையாது. இதில் எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி வேறு. ஊசி வைத்துத் துளி சதை எடுத்து மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், ரிசல்ட்டும் அன்றைக்குத்தான் வரவேண்டும். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் ஜெயக்கொடி. டாக்டர் தனுஷ்கோடி கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாக டோக்கன் கொடுக்கிறவள். ஊசிக்குப் பயந்து ஓடுகிற பிள்ளையைப் பிடிக்கிறது, வரிசையில் சண்டை போடுகிறவர்களை அதட்டுகிறது, நேரத்துக்குச் சாப்பிடாத டாக்டரை அதட்டுகிறது எல்லாம் என் வேலைதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இங்கே நடந்த அத்தனையும் அந்த வாயால் வந்த வினை.

பலகை வந்தது போன வருஷம் பங்குனியில். மதிப்பீட்டு வாரியத்திலிருந்து ஷாஹிதா பானு என்று ஒரு அலுவலர் வந்தார். நாற்பது வயது இருக்கும், மரியாதையான பெண். ஒரு பெட்டி நிறையக் கைப்பட்டைகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். டோக்கனோடு சேர்த்து ஆளுக்கு ஒரு பட்டையைக் கட்டிவிட வேண்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே போகும்போது வாசலில் இருக்கும் பெட்டிக்குள் கழற்றிப் போட்டுவிட வேண்டும்.

"இது எதம்மா அளக்குது, சுகரையா, பிரஷரையா?" என்று கேட்டேன்.

"பயத்தை அளக்குதுக்கா. நாடி, வியர்வை, ரத்த ஓட்டம் மூணையும் சேத்துப் பாக்கும். உள்ள வரும்போது எவ்வளவு பயம், வெளிய போகும்போது எவ்வளவு பயம். குறைஞ்சிருந்தா நல்ல வைத்தியம். அதுக்குப் பேரு ஆறுதல் எண்."

"மருந்து சரியா எழுதினாரான்னு பாக்காதா?"

"அது தெரிய மாசக்கணக்கா காத்திருக்கணும். முன்னாடி ஜனங்களையே மார்க் போடச் சொன்னோம். ஒரு ஊர்ல டாக்டரோட மச்சான் ஒரே வீட்ல உக்காந்து முன்னூறு பேர் பேர்ல போட்டுட்டாரு. உடம்பு அப்படிப் பொய் சொல்லாதுல்ல."

டாக்டர் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "உடம்பு பொய் சொல்லாது, சரி. ஒருத்தனுக்குக் கெட்ட சேதி சொன்னா பயம் கூடத்தானே செய்யும்? அப்ப நான் மோசமான டாக்டரா?"

ஷாஹிதா தலையைக் குனிந்துகொண்டார். "சொல்ற விதமாச் சொன்னா பயம் கூடாதுன்னு மேல சொல்றாங்க சார்."

எங்கள் டாக்டருக்கு அந்த விதம் வராது. அறுபத்தோரு வயதில் இனிமேல் வரவும் வராது. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் நோயின் பெயரைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். "பேரு தெரியாத எதிரியோட எப்படி மல்லுக்கட்டுவே?" என்பார். நோய் எதுவும் இல்லாவிட்டால் "ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். மனுஷன் எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

பட்டைக்கு இதெல்லாம் தெரியுமா? முதல் மாதம் நாற்பத்து நாலு. இரண்டாவது மாதம் நாற்பத்தேழு. பக்கத்து ஊரில் டாக்டருக்குப் பதில் வாரியமே வைத்த பேசும் பெட்டி தொண்ணூற்றாறு. அது எல்லோரையும் "கண்ணு" என்று கூப்பிடுமாம், யாருக்கும் எதுவும் இல்லை என்று சொல்லுமாம். மூன்று மாதம் தொடர்ந்து அறுபதுக்குக் கீழே போனால் எங்கள் இடத்திலும் அந்தப் பெட்டிதான் என்று கடிதம் வந்தது. நிஜமான டாக்டர் வேண்டுமென்றால் கோவில்பட்டிக்கு நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும்.

அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

"சார், உள்ள இருக்கும்போது எல்லார்கிட்டயும் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிருங்க. பட்டையக் கழட்டிட்டு வீட்டுக்குப் போயிரட்டும். மறுநாள் காலைல நான் போன் பண்ணி எதிர்த்தாப்புல மாவு மில்லுக்கு வரச் சொல்றேன். அங்க வச்சு உண்மையச் சொல்லுங்க. மில்லுல பட்டையும் கிடையாது, பலகையும் கிடையாது."

"என்னையப் பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்ல சார், தள்ளிச் சொல்றது. கல்யாண வீட்டுக்கு எழவுச் சேதி வந்தா தாலி கட்டி முடிஞ்சப்புறந்தான் சொல்றாங்க. அதைப் பொய்யின்னா சொல்றோம்?"

அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். "சரி" என்றார். வாயால் சொல்வது மட்டும் போதவில்லை. எழுதிக் கொடுக்காவிட்டால் ஜனங்கள் விடவில்லை, "ஏன் சார் எழுதலை?" என்று மிரண்டார்கள். கடைசியில் அதையும் எழுதினார். அன்றைக்கு அவர் ஆள் முகத்தைப் பார்க்காமலே சீட்டை நீட்டியதைப் பார்த்தேன். பார்த்தும் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

எண் எழுபத்தொன்றுக்கு ஏறியது.

மில்காரர் பவுன்ராஜ் அண்ணாச்சி ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தார். காலையில் எட்டு மணிக்கு மிளகாய் அரைக்கிற நேரம். மில் ஓடுகிற சத்தத்தில் டாக்டர் காதோரம் குனிந்து சொல்வது அடுத்த ஆளுக்குக் கேட்காது. மிளகாய் நெடியில் யார் அழுதாலும் ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். சுகர், காசம், கர்ப்பப்பையில் கட்டி, எல்லாம் அந்த பெஞ்சில்தான் சொல்லப்பட்டன. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் ஊருக்கு விஷயம் தெரிய எத்தனை நாள் ஆகும்? சீட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் மறுநாள் காலை வரை போனையே பார்த்துக்கொண்டிருக்க ஆரம்பித்தார்கள். நிஜமாகவே ஒன்றும் இல்லாதவர்களும் பார்த்தார்கள். கத்தாரில் இருக்கிற மகன் கூப்பிட்டாலும் பதறி எடுத்தார்கள். எண் மெல்ல மெல்ல அறுபத்தைந்துக்கு இறங்கியது. அதற்குள் கருத்தப்பாண்டி விஷயம் நடந்துவிட்டது.

கருத்தப்பாண்டி லாரி டிரைவர், நாற்பத்து நாலு வயது. மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான், மில் கதை அவன் காதுக்கு எட்டியிருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை நெஞ்சைப் பிசைகிறது என்று வந்தான். டாக்டர் ஈசிஜி எடுத்தார், ஒன்றும் இல்லை என்று சீட்டு கொடுத்தார். வாசலில் பட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டே என்னிடம் சிரித்தான்.

"ஒண்ணும் இல்லையாம்க்கா. சாயங்காலம் நாக்பூருக்கு லோடு. போகவா வேண்டாமான்னு கெடந்தேன். இனி எடுத்துர வேண்டியதுதான்."

வரிசையில் இருபது பேர் நின்றார்கள். "பாத்துப் போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு மணிக்கு டாக்டர் மறுநாள் காலை கூப்பிட வேண்டியவர்களின் பட்டியலைக் கொடுத்தார். முதல் பெயர் கருத்தப்பாண்டி. நாக்பூர் ஞாபகம் வந்தது. உடனே போன் போட்டேன். பிஸி. வீட்டில் உலை வைக்கவில்லையே என்று கிளம்பிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அடித்தேன். மறுநாள் காலை போட்டபோது அணைத்து வைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை சேதி வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து அவன் மனைவி வேலம்மாள் கிளினிக்குக் கூட்ட நேரத்தில் வந்தாள். கையில் அந்தச் சீட்டு.

"சாரு, நீங்க எழுதுனதுதான? ஒண்ணும் இல்லைன்னுதான போட்ருக்கு?"

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். எல்லோர் முன்னாலும் நின்று சொன்னார்.

"இருந்துச்சும்மா. எனக்குத் தெரியும். மறுநாள் சொல்லிக்கலாம்னு வச்சிருந்தேன். தப்பு என்னோடது."

நான் டோக்கன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் விஷயத்தை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று வரை வேலம்மாளுக்குத் தெரியாது.

டாக்டர் வாரியத்துக்கு அவராகவே எழுதிப் போட்டார். ஷாஹிதா வந்தார், அந்தக் கடிதத்தை மேஜையில் விரித்து வைத்தார்.

"என்ன நடவடிக்கை எடுக்கப் போறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எடுக்க எங்ககிட்ட சட்டப் பிரிவே இல்ல சார். கருத்தப்பாண்டியோட அளவு ரெக்கார்டுல இருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு." கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "அந்த மாசத்துலயே இந்த மாவட்டத்தோட ரொம்ப நல்ல வைத்தியம் அதுதான்."

அன்றிலிருந்து மில் பெஞ்சுப் பேச்சு நின்றது. டாக்டர் பழையபடி உள்ளேயே உள்ளதை உள்ளபடி சொன்னார். ஆனால் ஒரு தடவை உடைந்த சட்டியில் எத்தனை தண்ணீர் ஊற்றி என்ன? நோய் இருக்கிறது என்றால் நம்பினார்கள். ஒன்றும் இல்லை என்றால் நம்பவில்லை. முதல் மாதம் நாற்பத்தொன்பது, அடுத்த மாதம் ஐம்பத்து நாலு. டாக்டர் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் உட்கார்ந்தார். படம் போட்டுக் காட்டினார், நூறு கேள்விக்குப் பதில் சொன்னார், மத்தியானச் சாப்பாட்டை விட்டார். அப்படித்தான் மூன்றாவது மாதக் கடைசி நாளில், மூன்று மணிக்கு, 59.9.

மூன்று மணிக்கு மேல் வரிசையில் ஆளே இல்லை. ஷாஹிதா நாலு மணிக்குப் பலகையை மூட வந்து வாசல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றரைக்கு டாக்டர் அறையின் மணி அடித்தது.

"ஜெயக்கொடி, உன் ரிசல்ட் வந்துருச்சு. பட்டையக் கட்டிட்டு உள்ள வா."

டாக்டரைப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் பட்டை கட்ட வேண்டும், அது சட்டம். என் கையில் நானே கட்டினேன். ஊக்கு மாட்டவே மூன்று தடவை ஆனது. பட்டையின் விளக்கு சுள்ளென்று சிவந்தது. கட்டி விஷயத்தை வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

ஷாஹிதா மெதுவாகச் சொன்னார். "அக்கா, சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. இவ்வளவு பயத்தோட போறவங்க நல்ல சேதியோட வெளிய வந்தா, ஒரு ஆளே போதும். அறுபது தாண்டிரும்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். டாக்டர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது 'நோ' என்ற ஒரு சொல். அது அங்கே மூன்று இடத்தில் இருந்தது. எதற்கு நோ என்று யார் கண்டது?

"தைராய்டுல வர்ற சாதாரணக் கட்டி. கேன்சர் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கிட்டா போதும்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணும் இல்ல ஜெயக்கொடி."

சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அரை நொடிதான் பார்த்தார். அதை நான் பார்த்துவிட்டேன்.

"சார், பலகைல எவ்வளவுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"என்னைய வச்சு அறுபதாக்கப் பாக்குறீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. "உனக்கு அப்படித் தோணுதா?"

"நெசமாவே கேன்சரா இருந்தாலும் நீங்க இதையேதான் சொல்லுவீங்க. சொல்லிக் குடுத்தவளே நான்தான்."

"இருந்திருந்தா இன்னைக்கு இருக்குன்னு சொல்லிருப்பேன்."

"அன்னைக்குச் சொல்லலையே சார்."

அவர் சீட்டை எடுத்தார், திருப்பிப் போட்டார், கொட்டை எழுத்தில் "ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். வேலம்மாள் கையில் இருந்த சீட்டில் எப்படி இருந்ததோ அச்சு அசல் அப்படியே இருந்தது. அதே சுழி, அதே கையெழுத்து.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அறையை விட்டு வந்த பத்து நிமிஷத்துக்குள் பட்டையைப் பெட்டியில் போட வேண்டும், இல்லாவிட்டால் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஷாஹிதா தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தடவிவிட்டார். நல்ல சேதியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் கையில் விளக்கு இன்னும் சிவந்துகொண்டிருந்தது.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அவரை நம்பு, நம்பு என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷனோடு வேலை பார்த்தவள், என் பிள்ளை பிரசவத்தில் நாங்கள் இரண்டு பேரும் பிழைத்ததே அவரால்தான். ஒரு ஊருக்கே டாக்டர் இருப்பதும் இல்லாததும் என் நாடியில் இருக்கிறது. இதை நினைக்க நினைக்க நாடி இன்னும் ஓடியது. நம்பு என்று சொன்னால் உடம்பு கேட்கிறதா? கேட்காது. ஷாஹிதா அன்றைக்கே சொன்னார், உடம்பு பொய் சொல்லாது என்று.

மூன்று ஐம்பதுக்குப் பட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன். பலகை ஒரு தடவை மினுக்கியது. 59.7.

ஷாஹிதா என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். எங்கே போகிறேன் என்று யோசிக்கவெல்லாம் இல்லை. கால் மில்லுக்குப் போனது. அன்றைக்குச் சாயங்காலமும் மிளகாய்தான் அரைபட்டுக்கொண்டிருந்தது. பெஞ்சின் மேல் யாருடையதோ மிளகாய் டின் இருந்தது. பவுன்ராஜ் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்காமல் டின்னைக் கீழே இறக்கி வைத்தார். உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். ரோட்டைக் கடக்கும்போது பலகையைத் திரும்பிப் பார்த்தார், அவருக்கும் தெரிந்துவிட்டது. இனிமேல் என்னிடம் பொய் சொல்லி அவருக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணாச்சி மில்லை நிறுத்தப் போனார். வேண்டாம், ஓடட்டும் என்று டாக்டர் கை காட்டினார். அப்புறம் எல்லோரிடமும் குனிவது போலவே என் காதோரம் குனிந்தார்.

"ஜெயக்கொடி. ஒண்ணும் இல்ல."

அந்த பெஞ்சில் அவர் நாற்பத்தேழு பேரிடம் பேசியிருக்கிறார். அத்தனை பேரையும் போன் போட்டு வரவழைத்தவள் நான், கணக்கு எனக்குத் தெரியும். அங்கே வைத்து ஒருத்தருக்கும் பொய் சொன்னதில்லை. ஒருத்தருக்கும் நல்ல சேதி சொன்னதும் இல்லை. நான்தான் முதல்.

அழுதேன். கட்டிக்காக அழுதேனா, கருத்தப்பாண்டிக்காக அழுதேனா, ஊருக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "மிளகா நெடி அப்படித்தான் இருக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு மணிக்கு ஷாஹிதா நாற்காலி போட்டு ஏறிப் பலகையின் இணைப்பைப் பிடுங்குவதை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

பழக்கதோஷத்தில் என் இடது கை மணிக்கட்டை நானே பிடித்துப் பார்த்தேன். நாடி நிதானமாக அடித்தது. பட்டை எதிர்ப்பக்கம் பெட்டிக்குள் கிடந்தது.